ஷிமோஜோவின் வழுக்குக் கூரை

மூன்றாவது தடவையும் ஷிமோஜோவின் கூரைப்பனி அடுத்த மனையில்தான் போய் விழுந்தது.

விழுந்தது என்று சொன்னால் போதாது. ஓர் ஆள் உயரப் பனிப்பாளம் கூரையை விட்டுப் புறப்பட்டு, வேலியை ஒரே தாண்டாகத் தாண்டி, கதாகிரியின் குடோன் சுவரோரம் ‘தொம்’மென்று உட்கார்ந்தது. இந்தப் பக்கம் சாப்பாட்டு மேஜையில் மிசோ சூப் கிண்ணம் ஒரு தரம் எழுந்து உட்கார்ந்தது.

“போச்சு,” என்றார் ஷிமோஜோ.

“எது போச்சு?” என்றாள் மனைவி கினுயோ.

“மானம்.”

“அது போன வருஷமே போயிடுச்சே. சூப் ஆறுது, குடிங்க.”

போன வருஷம் நடந்ததை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை, கினுயோவைத் தவிர. நகராட்சியில் முப்பத்தெட்டு வருஷம் பனி அகற்றும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் ஷிமோஜோ. ‘உங்கள் கூரை, உங்கள் பனி, உங்கள் பொறுப்பு’ என்ற கையேட்டை எழுதியவரே அவர்தான். கூரையில் ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அதில் நாலாம் பக்கம். போன ஜனவரியில் அவர் கயிறு கட்டாமல் ஏறி, வழுக்கி, தலை மட்டும் வெளியே தெரியும்படி பனிக்குள் நட்டுவைத்த மாதிரி நின்றார். தீயணைப்புக்காரர்கள் வந்து பிடுங்கினார்கள். உள்ளூர்ப் பத்திரிகை படம் போட்டது. படத்துக்குக் கீழே, கையேட்டை எழுதியவர் இவரே என்று ஒரு வரியும் போட்டது.

இனிமேல் கூரையில் கால் வைத்தால் செந்தாய் நகரத்திலிருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று கினுயோ சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்தப் புதுக் கூரை. செங்குத்தான சரிவு, நீலநிறத் தகடு, கண்ணாடி மாதிரி வழவழப்பு. மனுஷன் ஏறவே வேண்டாம், பனி தானாகவே சரிந்து கொல்லையில் விழுந்துவிடும். போன கோடையில் வேலை முடிந்தபோது தெருவிலுள்ள மற்ற இருபத்திரண்டு வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு, சரிவுக் கோணத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார் ஷிமோஜோ. கொல்லை எத்தனை அடி அகலம் என்பதை மட்டும் அவரும் அளக்கவில்லை, கூரைக்காரர் எனோகியும் அளக்கவில்லை.

அப்போது பின்மனை ஆளில்லாமல்தான் கிடந்தது. இலையுதிர் காலத்தில் கதாகிரி வந்து அதை வாங்கினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நெட்டையான ஆள், பேச்சு குறைவு. மனையில் இருந்த பழைய குடோனைப் பழுதுபார்த்துக்கொண்டு, மனைவியோடு பக்கத்துச் சின்ன வீட்டில் குடியேறினார்.

முதல் தடவை பனி விழுந்தபோது ஷிமோஜோ ஒரு டப்பா அரிசி பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து வணங்கினார்.

“எங்க வீட்டுக் கூரையால உங்களுக்குப் பெரிய தொந்தரவு.”

கதாகிரி அதைவிடக் கீழே குனிந்தார். “ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. நாங்கதான் உங்க வீட்டுக்கு வந்து நிக்கணும்.”

மறுநாளே வந்து நின்றார். கையில் ஒரு வாளி கீரை ஊறுகாய்.

இரண்டாம் தடவை ஷிமோஜோ சிவப்புப் பயறு அல்வாக் கட்டி கொண்டுபோனார். திரும்பி வந்தது இரண்டு பாட்டில் சாகே, அரிசி மது. அதுவும் கல்யாணத்துக்கு வாங்குகிற ரகம்.

ஷிமோஜோவுக்கு அன்றைக்குத் தூக்கம் போனது. பரிசு கொடுத்தால் பாதி விலைக்கு ஒரு பொருளைத் திருப்பித் தருவது ஊர் முறை. பாதிக்குக் குறைந்தால் கஞ்சன் என்பார்கள். பாதிக்கு மேல் போகக் கூடாது. போனால், ‘உன் பொருளும் வேண்டாம், நீயும் வேண்டாம்’ என்று முகத்தில் அடிக்கிற மாதிரி. அல்வாக் கட்டிக்கு இரண்டு பாட்டில் என்பது அரிவாளை எடுத்துக்கொண்டு வந்ததற்குச் சமம்.

“அவர் ரொம்பக் கோவமா இருக்கார்,” என்றார் கினுயோவிடம்.

“சிரிச்சுக்கிட்டேதானே குடுத்தாரு.”

“அதான் சொல்றேன். எவ்வளவு கோவம் இருந்தா ஒருத்தர் அப்படிச் சிரிப்பாரு?”

மனைவியும் தானுமாகக் கதாகிரி பனியை மண்வாரியால் வாரி வாரிக் குடோனுக்குப் பின்னால் கொண்டுபோவதை ஷிமோஜோ சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தார். இவருக்கு இங்கே இடுப்பு வலித்தது.

பிப்ரவரி கடைசி ஞாயிறு தெருச் சங்கக் கூட்டம். அடுத்த தலைவர் ஷிமோஜோதான் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவாகியிருந்தது. அங்கே ஓட்டெல்லாம் கிடையாது. எல்லாத் தலையும் அசைய வேண்டும். கதாகிரியையும் சேர்த்து இருபத்துமூன்றில் ஒரு தலை அசையாமல் நின்றால் போதும், மற்ற இருபத்திரண்டும் கூரையைப் பார்க்க ஆரம்பித்துவிடும். ஓய்வுக்குப் பிறகு ஷிமோஜோவுக்கு இருந்த ஒரே ஆசை இந்தத் தலைவர் பதவிதான். ஏற்புரையைக்கூடத் தூரிகையால் எழுதி வைத்துவிட்டார்.

மூன்றாம் தடவை விழுந்த அன்றைக்கு, சூப்பைக் குடித்து முடித்த கையோடு எனோகியைக் கூப்பிட்டார்.

“கூரை ஓரத்துல இரும்புச் சட்டம் அடிச்சுடுங்க. ஒரு பிடி பனிகூட அந்தப் பக்கம் போகக் கூடாது.”

எனோகி தலையைச் சொறிந்தார். “ஷிமோஜோ சான், சரிஞ்சு விழணும்னுதானே வழுக்குத் தகடு போட்டோம்? அதுக்குக் குறுக்கே கட்டையைக் கட்டினா, ஓட்டக் குதிரையை வாங்கிக் காலைக் கட்டின மாதிரி இல்லையா?”

“நான் முப்பத்தெட்டு வருஷம் இந்தத் துறையில இருந்தவன்.”

“அதுவும் சரிதான்,” என்று எனோகி சட்டத்தை அடித்துவிட்டுப் போனார்.

பனி நின்றது. நன்றாகவே நின்றது. அடுத்த வாரம் கூரையில் ஒரு மீட்டர் பனி நின்றது. பாரம் தாங்காமல் வீடு முனகியது. முதலில் வரவேற்பறைக் கதவு இழுக்க வரவில்லை. அப்புறம் அலமாரிக் கதவு. வியாழக்கிழமை காலை கழிவறைக்குள்ளிருந்து கினுயோவின் குரல் வந்தது.

“என்னங்க.”

“என்ன?”

“கதவு வரமாட்டேங்குது.”

“கொஞ்சம் தூக்கினாப்புல இழு.”

“தூக்கினாப்புல, தாழ்த்தினாப்புல, சாச்சாப்புல, எல்லாம் இழுத்தாச்சு. நீங்க தலைவராகிற வரைக்கும் நான் இங்கேயே இருக்கணுமா?”

எனோகி வந்து கதவைச் சட்டத்தோடு கழற்றினார். ஒன்றரை மணி நேரம் உள்ளே இருந்த கினுயோ வெளியே வந்து, கணவரைப் பார்க்காமல் எனோகிக்கு மட்டும் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

அன்று மாலை கதாகிரி வந்தார். வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். இரும்புச் சட்டத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“இந்த வருஷம் பனி கம்மிதான், இல்லைங்களா?” என்றார்.

ஷிமோஜோ குனிந்து வணங்கினார். “இனிமே உங்க பக்கம் வரவே வராதுங்க. உறுதி சொல்றேன்.”

கதாகிரியின் முகம் வாடியது. கொண்டுவந்த நீளப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டிவிட்டுப் போனார்.

பிரித்துப் பார்த்தால் உப்புப் போட்ட சால்மன். துண்டம் இல்லை, தலையோடு வாலோடு முழுசு. இவர்கள் எதுவும் கொடுக்காமலே வந்திருந்தது.

“முழு மீன்!” என்று ஷிமோஜோ நாற்காலியில் சாய்ந்தார். “ஒரு மனுஷனை இதுக்கு மேல எப்படித் திட்ட முடியும்?”

“எனக்கு யாராவது இப்படித் திட்டினா நல்லா இருக்கும்,” என்றாள் கினுயோ, கத்தியைத் தேடிக்கொண்டே.

சட்டத்தைக் கழற்றினால் பனி கதாகிரி தலையில். விட்டுவைத்தால் வீடு தன் தலையில். ஷிமோஜோ யோசித்து மூன்றாவது வழி கண்டுபிடித்தார். கூரை ஓரமாகச் சூடேற்றும் மின்கம்பி. பனி சத்தமில்லாமல் உருகித் தண்ணீராக இறங்கிவிடும், யாருக்கும் தெரியாது.

தண்ணீர் இறங்கியது. ஓரத்துக்கு வந்ததும் குளிரில் உறைந்தது. உறைந்தது அணையாக நின்றது. பின்னால் வந்த தண்ணீர் போக வழியில்லாமல் தகட்டு மடிப்புக்குள் புகுந்து, வீட்டுக்குள் இறங்க இடம் தேடியது. தேடிப்பிடித்த இடம் ஷிமோஜோவின் எழுத்து மேஜை. ‘பெருமதிப்பிற்குரிய தெருவாசிகளே’ என்று தொடங்கிய ஏற்புரை, காலையில் பார்த்தபோது மழையில் நின்ற காக்கை மாதிரி இருந்தது. வெளியே கூரை ஓரத்தில் ஓர் ஆள் நீளத்துக்குப் பனிக்கூம்புகள் தொங்கின. தபால்காரர் கடிதத்தை வேலியிலிருந்தே வீசிவிட்டுப் போனார்.

கூட்டத்துக்கு இன்னும் நாலே நாள்.

மறுநாள் கினுயோ வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் புறப்பட்டாள். “சாயங்காலம் வருவேன். கூரையைப் பாக்கலாம். ஏறக் கூடாது.”

“ஏறுவேனா?”

அவள் போன பஸ் தெருமுனையில் திரும்பியதும் ஏறினார். இம்முறை கயிறு கட்டிக்கொண்டார், நாலாம் பக்கத்தில் உள்ளபடியே. பனிக்கூம்புகளைத் தட்டி உதிர்த்தார். கதாகிரி பக்கம் ஒரு துகள்கூட விழாமல், பனியைச் செங்கல் செங்கலாக வெட்டி, முன்வாசல் பக்கமாகத் தள்ளினார். தெருவில் பனி போடக் கூடாது என்பது கையேட்டில் இரண்டாம் பக்கம். ஆகவே இறங்கி, எல்லாவற்றையும் சறுக்கு வண்டியில் ஏற்றி, ஆற்றங்கரைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கொட்டினார். முந்நூறு மீட்டர். திரும்பி வந்து மறுபடி ஏறினார்.

ஆறாவது நடையின்போது கதாகிரி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவந்தார்.

“ஷிமோஜோ சான்! எதுக்குங்க இவ்வளவு சிரமம்? இந்தப் பக்கமே தள்ளிவிட்டுடுங்களேன்!”

ஷிமோஜோ கூரை மேலேயே மண்டியிட்டு வணங்கினார். “அந்தத் தப்பை இனி ஒருநாளும் செய்யமாட்டேன்!”

“இல்லைங்க, நிஜமாவே...”

“வேண்டாங்க! எனக்கு வெக்கமா இருக்கு!”

கதாகிரி செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். என்ன பண்பான மனுஷன், கழுத்தைப் பிடிக்க வேண்டிய இடத்தில்கூட உபசாரம் பேசுகிறாரே என்று ஷிமோஜோவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில் இன்னும் ஏழு நடை அடித்தார்.

பதினாலாவது நடைக்கு ஆற்றங்கரையில் ஒரு லாரி நின்றது. ஷிமோஜோ அதுவரை கொட்டியிருந்த பனியை டிரைவர் சின்ன இயந்திரத்தால் அள்ளி அள்ளி லாரியில் போட்டுக்கொண்டிருந்தார்.

“பெரியவரே, அதையும் இப்படியே கொட்டுங்க,” என்றார் டிரைவர். “அருமையான சரக்கா இருக்கே! தார் இல்லை, மண் இல்லை. ரோட்டுப் பனியெல்லாம் அவருக்கு ஆகாது.”

ஷிமோஜோ வண்டிக் கயிற்றைக் கீழே விட்டார். முப்பத்தெட்டு வருஷத்தில் ஆற்றுக்குப் பனி கொண்டுவருகிறவர்களைப் பார்த்திருக்கிறார். ஆற்றிலிருந்து கொண்டுபோகிறவரைப் பார்த்ததில்லை.

“யாருக்கு ஆகாது? பனியை எங்கே கொண்டுபோறே?”

“மேலத் தெருவுல கதாகிரின்னு ஒருத்தர். குடோன் முழுக்கப் பனியை அடைச்சு வெச்சு, அதுக்குள்ள கேரட், உருளைக்கிழங்கு, சாகே எல்லாம் வெச்சு கோடையில எடுத்து விக்கப் போறாராம். அப்படி வெச்சா ருசியே வேறயாம், டோக்கியோக்காரங்க அடிச்சுப் பிடிச்சு வாங்குவாங்களாம். ஆனா இந்த வருஷம் பனி விழுந்ததே பாதிதானே? குடோன் நிறையலை.”

“அதுக்கு... லாரியிலயா?”

“பாவம், அவருக்கு லாரிச் செலவே வந்திருக்கக் கூடாது. முன்வீட்டுல பெரிய சரிவுக் கூரை, அத்தனை பனியும் நம்ம குடோன் வாசல்லயே வந்து விழும்னு பாத்துத்தான் அந்த மனையையே வாங்கினாராம். மொதல் மூணு தடவை விழுந்துச்சாம். அப்புறம் என்ன நினைச்சானோ, அந்த வீட்டுக்காரன் இரும்புச் சட்டத்தை அடிச்சு நிறுத்திட்டான்.”

ஷிமோஜோ சறுக்கு வண்டியின் ஓரத்திலேயே உட்கார்ந்தார்.

டிரைவர் குரலைத் தாழ்த்தினார். “தெருவே இதைத்தான் பேசுது. ஊறுகாய் குடுத்தாராம், ரெண்டு பாட்டில் சாகே குடுத்தாராம், முழுசா ஒரு சால்மனே குடுத்துப் பாத்துட்டாராம். அப்பவும் ஒரு பிடி பனி விடலையாமே! இன்னும் என்னதான் வேணுமாம் பெரியவரே, அந்தப் பேராசை பிடிச்ச ஆளுக்கு?”