நான் நற்கருணை வாங்காத நாலு ஞாயிறு

கணக்கு வாத்தியார்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எண் போட்ட காகிதம் எதுவானாலும் யாரிடமும் கேட்காமலே புரிந்துவிடும் என்று நினைப்போம். அந்த நினைப்புதான் எங்கள் ஊர் முட்டத்தில் என் மானத்தை வாங்கியது.

மூன்று மாதமாக வயிறு சரியில்லை. ரத்தத்தில் இரும்புச்சத்தும் குறைவு. "கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயான்னு பாத்துடலாம். ரிசல்ட் வந்ததும் கொண்டு வாங்க" என்றார் நாகர்கோவில் டாக்டர். ரிசல்ட் போனுக்கே வந்தது. (கொண்டு போனேனா? எனக்குத்தான் எண் தெரியுமே!) ஐஜிஏ என்ற வரியில் 212 என்று இருந்தது. சின்னத் திரையில் பக்கத்தை நகர்த்தினால், 'இருபதுக்குக் கீழ் இருக்க வேண்டும்' என்றும் இருந்தது. பத்து மடங்கு! வகுத்து வேறு பார்த்தேன். பத்து புள்ளி ஆறு.

அன்றோடு பரோட்டா, சப்பாத்தி, ரஸ்க் எல்லாவற்றுக்கும் முழுக்கு. ஆயுளுக்கும் ஒரு துணுக்குகூடக் கூடாதென்று இணையத்தில் படித்தேன். என் மனைவி பிலோமி குவைத்தில் நர்ஸ். (ஆமாம், நர்ஸ். சிரிக்காதீர்கள்.) சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள் என்று பயம். ஊரில் யாரிடம் சொன்னாலும் அவளுக்குப் போய்விடும் என்பதால் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

ஞாயிறு திருப்பலியில் நற்கருணை வாங்க எழுந்தபோதுதான் உறைத்தது: அந்த அப்பமும் கோதுமை! அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் என் முழங்காலைத் தாண்டிக்கொண்டு போனார்கள். நாலு ஞாயிறும் இதே கதை. அவ்வளவு பெரிய கோயிலில் நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்தாலும் நான் மட்டும்தான். எனக்கு ஏதாவது ஆனால் முதலில் யார் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று யோசித்து, ஒரு பெயரும் தோன்றாமல் விட்டிருக்கிறேன்.

நற்கருணை வாங்காதவன் பெரும்பாவம் செய்தவன் என்பது ஊர் முடிவு. மனைவி வெளிநாட்டில் இருந்தால் என்ன பாவம் என்பதையும் ஊரே முடிவு செய்துவிடும். பக்கத்து வீட்டுத் திரேசக்கா மதிலுக்கு மேலே எட்டிச் சொன்னாள்:

"மக்கா, எதானாலும் சாமியாருட்டச் சொல்லிரு. ஆண்டவரு பொறுப்பாரு. பிலோமிதான் பொறுக்க மாட்டா."

அன்று சாயங்காலமே குவைத்திலிருந்து போன்.

"யாரு அவ?" என்றாள் பிலோமி.

"எவ?"

"நாலு வாரமா கோயில்ல நன்மை வாங்கலியாமே. அவ பேரச் சொல்லுங்க."

நடந்ததைச் சொல்லி ரிசல்டை அனுப்பினேன். வரிவரியாகப் படித்துவிட்டுச் சொன்னாள்:

"இருநூத்திப் பன்னெண்டு மொத்த ஐஜிஏ. டெஸ்ட நம்பலாமாண்ணு பாக்கதுக்கு எடுக்கது. சீலியாக்குக்கு உள்ளது அடுத்த வரி. அதுல மூணுதான் இருக்கு. இருவதுக்குக் கீழ இருந்தா நார்மல். மேல் வரிக்குக் கீழ் வரி அளவா? நீங்க கணக்கு வாத்தியாரா, இல்ல கள்ள வாத்தியாரா?"

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"இத்தன நாளும் ஒத்தைக்கா இருந்து பயந்தீங்க?"

"ஆமாட்டி" என்றேன். இரண்டு பேரும் போனை வைக்காமல் அழுதோம்.

(டாக்டரும் அதையேதான் சொன்னார். சாப்பிட்ட கையோடு நான் குடிக்கும் பால் சேர்க்காத கட்டன்சாயாதான் இரும்புச்சத்தைத் தடுக்கிறதாம்; வயிற்றுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்.)

கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. இப்போதும் கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்கு இலை போட்டதும் கொழுந்தியாள் பிள்ளைகள் கத்தும்: "பெரியப்பா, குவைத்துக்குப் போட்டோ அனுப்பிட்டு உண்ணுங்க!"

கேலிதான். ஆனால் உண்மையில் அனுப்புகிறேன். விசேஷம் ஒன்றுமே இல்லாத நாட்களிலும் நான் பொங்கிய சோற்றையும் மீன் குழம்பையும் படமெடுத்து அனுப்புவேன். அவள் டியூட்டி நடுவில் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை போடுவாள்: "நார்மல்."

அது வந்த பிறகுதான் சாப்பிட உட்காருவேன்.