பழுது விவரம் ஏதுமில்லை

"பதினாலு வருஷத்துல இந்த வண்டி ஒரு தடவைகூட ஒர்க்‌ஷாப் வாசலை மிதிக்கலையா சார்?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

மாப்பிள்ளைக்காகப் பழைய கார் பார்க்க வந்திருந்தார். கையில் ஹிஸ்டரி ரிப்போர்ட். வண்டி நம்பரைக் கொடுத்தால் ஒரு கம்பெனி இணையத்தில் தரும் நாலு பக்கம். யார் யாரிடம் இருந்தது, எங்கே இடித்தது, எவ்வளவு ஓடியது, என்ன பழுது. நாலாம் பக்கத்தில், 'பழுது விவரம்: ஏதுமில்லை.'

"பழுதெல்லாம் பார்த்திருக்கு. ரிப்போர்ட்தான் தப்பு."

"எந்தப் பழுதும் இல்லாத வண்டின்னாதான் சார் பயமா இருக்கு. அதைச் சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க."

விற்பவர் ஓர் அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தியவர். அங்கே எல்லாருக்கும் அவர் புரூஃப் சார். அச்சகம் மூடிய பிறகு அப்படிக் கூப்பிட யாருமில்லை. மருந்துக்கடைக்காரரிடம் பேச்சோடு பேச்சாக அதைச் சொல்லியிருந்தார். போகும்போது அவர், "வரேன் புரூஃப் சார்" என்றார்.

புரூஃப் சார் இரண்டு டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தார். வழக்கமாக ஒன்றுதான்.

மகள் வேறு ஊரில் இருந்தாள். அவள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை காலி. வீட்டுச் சொந்தக்காரர் மாசக் கடைசி வரை அதை யாருக்கும் விடாமல் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அங்கே வண்டி நிறுத்த இடமில்லை. விற்றுவிட்டுப் போனால் மாடியேறி மகளோடு சாப்பிடலாம். பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவரலாம். இங்கே மூன்று அறைகள், ஒன்றில்தான் விளக்கெரிந்தது.

யாருக்காவது சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று மகள் போனில் சொன்னாள்.

"வாங்க ஆள் வந்தாச்சும்மா. நல்ல மனுஷன். ரிப்போர்ட்ல ஒரு சின்னப் பிழை. திருத்திட்டு வரேன்."

பதினாலு வருஷமும் வண்டியைத் தொட்டது ஒரே மெக்கானிக். செய்த வேலையைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஆணியில் குத்தி வைப்பார். தகவல் அனுப்பும் பட்டறைகளின் வேலை மட்டும்தான் ரிப்போர்ட்டில் ஏறும். அப்படி ஒரு கம்பெனி இருப்பதே மெக்கானிக்குக்குத் தெரியாது.

"நான் பார்த்த வேலை வண்டிக்குத் தெரியும். அது போதாதா?" என்றார்.

புரூஃப் சார் ஆணியிலிருந்து தாள்களை உருவினார். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் முழுக்க மெக்கானிக்கின் போனோடு உட்கார்ந்து, பட்டறையைப் பதிவு செய்து, எல்லாவற்றையும் ஏற்றினார். நாற்பத்து மூன்று வேலைகள். ஓர் எழுத்துப் பிழை இல்லை.

கம்பெனியின் கணினி, ஏற்றிய தேதியையே பழுது பார்த்த தேதியாக எடுத்துக்கொண்டது. புது ரிப்போர்ட் வந்தது. 'ஒரே நாளில் 43 பழுதுகள். பெரும் விபத்தில் சிக்கிய வாகனமாக இருக்கலாம்.'

புரூஃப் சார் மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டார். ரிப்போர்ட் வந்துவிட்டது, ஒரு சின்னச் சிக்கல் என்றார். அவர் கடையை மூடிவிட்டு வந்து படித்தார்.

"திங்கட்கிழமை என்ன சார் ஆச்சு? மலையிலேருந்து உருண்டுச்சா?"

புரூஃப் சார் ஒரு மணி நேரம் விளக்கினார். நோயாளி சொல்வதைக் கேட்பதுபோல் மற்றவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு ஓட்டிப் பார்க்கலாம் என்றார். "நீங்களே ஓட்டுங்க. நான் சத்தத்தைக் கேக்கறேன்."

ஊருக்கு வெளியே ஏரிவரை போனார்கள். கரையில் நிறுத்திவிட்டு அரைமணி நேரம் பேசினார்கள். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

மறுநாள் புரூஃப் சார் கம்பெனிக்குப் போன் செய்தார். நாற்பது நிமிஷம் ஒரே இசை. பிறகு ஒரு பெண் வந்தாள். ஒவ்வொரு வேலைக்கும் சரியான தேதியும், அன்று மீட்டர் காட்டிய கிலோமீட்டரும் கொடுத்தால் திருத்திவிடலாம் என்றாள். இரண்டும் அவருடைய டைரிகளில் இருந்தன. மூன்று நாள் உட்கார்ந்து அனுப்பினார்.

ஒன்பதாம் வருஷம் மீட்டர் செத்துப்போய், மெக்கானிக் வேறொரு வண்டியின் மீட்டரைக் கழற்றி மாட்டியிருந்தார். அதில் ஓடியிருந்த தூரம் குறைவு. புரூஃப் சார் டைரியில் இருந்ததை இருந்தபடியே கொடுத்தார். மூலத்தில் கைவைப்பது அவர் தொழிலில் கிடையாது.

இந்த முறை சிவப்பு எழுத்து. 'ஓடிய தூரம் குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம். எச்சரிக்கை.'

கூப்பிட்டதும் மருந்துக்கடைக்காரர் வந்தார். "போன வாரம் வண்டிக்குத்தான் அடி. இந்த வாரம் நீங்க திருடன்," என்றார் சிரிக்காமல். அன்றும் ஏரிவரை போனார்கள்.

இடையில் ஒரு புரோக்கர் போன் செய்தார். ரிப்போர்ட்டே வேண்டாம், இருக்கிற கோலத்தில் எடுத்துக்கொள்கிறேன், இன்றைக்கே ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"வேற ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்துட்டேன்."

"அவர் உங்களுக்கு வாக்குக் கொடுத்தாரா?"

"மூணு வாரமா வந்துட்டுப் போறார். வேற எதுக்கு வருவார்?"

கம்பெனிப் பெண்ணுக்கு இப்போது அவர் குரல் அடையாளம் தெரிந்தது. சாப்பிட்டீங்களா சார் என்றுகூடக் கேட்டாள். பழுது விவரம் எல்லாவற்றையும் நீக்கிவிடும்படி சொன்னார். நீக்க முடியாது, மறைத்து வைக்கலாம் என்றாள். அதுவே போதும் என்றார்.

'உரிமையாளரின் வேண்டுகோளின்படி பழுது விவரங்கள் மறைக்கப்பட்டுள்ளன.'

மூன்று தடவை படித்தார். வாக்கியத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"முன்னாடி விபத்து, அப்புறம் மோசடி, இப்போ ரகசியம்," என்றார் மருந்துக்கடைக்காரர். "என் மருந்துச் சீட்டெல்லாம்கூட இவ்வளவு பயமுறுத்தாது." ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க என்றார். ஏரிக்கரையில் அன்று காற்று நன்றாக இருந்தது. திரும்பி வர ஏழு மணியாகிவிட்டது.

இருபத்தொன்பதாம் தேதி மகள் கூப்பிட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்கு உறைத்தது.

"நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரர் வேற ஆளுக்குச் சாவி கொடுத்துடுவார்ப்பா. உங்களுக்கு வர இஷ்டமில்லேன்னா சொல்லிடுங்க."

"இஷ்டமில்லாமயா? நாளைக்கு மத்தியான பஸ்ல அங்க இருப்பேன்."

புரோக்கருக்குப் போன் செய்தார். அவருக்கு வேறு வண்டி கிடைத்திருந்தது. விலையே வேண்டாம், மருந்துக்கடைக்காரருக்குச் சும்மா கொடுத்துவிடலாம் என்று புரூஃப் சாருக்குத் தோன்றியது. இத்தனை பொறுமையோடு யார் வண்டி வாங்குவார்கள்?

மறுநாள் காலை பெட்டியைக் கட்டிப் பின்சீட்டில் வைத்தார். மருந்துக்கடைக்கு வார விடுமுறை. பக்கத்துக் கடையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார். இத்தனை நாளில் அங்கே போனதில்லை.

வாசல் நிறையச் செருப்புகள். உள்ளே நாலைந்து குரல்கள் ஒரே சமயத்தில் பேசின. யாரோ எதற்கோ சிரித்தார்கள். இடுப்பில் குழந்தையோடு ஓர் அம்மா வந்து, அவர் கையிலிருந்த வண்டிச் சாவியையும் காகிதங்களையும் பார்த்தார்.

"ஐயா வெளியில போயிருக்கார். நான் அவர் வீட்டுக்காரிதான். நீங்க வண்டி புரோக்கரா?"

புரூஃப் சார் தான் யார் என்று சொல்ல வாயெடுத்தார். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் மாப்பிள்ளைக்குப் பார்த்த வண்டி வாசலில் நிற்கிறது, விலை எதுவும் வேண்டாம், இன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார்.

அந்த அம்மா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"மாப்பிள்ளை முதல் வாரமே வேற வண்டி வாங்கிட்டாரே. பேச்சுத்துணைக்கு ஆளில்லாம ஒரு பெரியவர் வாரா வாரம் ரிப்போர்ட்ல அவரே ஒரு கோளாறை உண்டாக்கிக் கூப்பிடறார், போகலேன்னா மனசு ஒடிஞ்சுடுவார்னுதான் இவர் பாவம், தட்டாம போயிட்டு வர்றார்."