ஆரப்பாளையம் சம்பந்தி கொடுத்த சர்வர் போர்டு

விற்க மனசே இல்லாத ஒருவர் எதற்காகக் கடை திறந்து வைத்திருக்கிறார்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. மதுரையில் பெண் எடுப்பதைவிட ஆரப்பாளையம் சம்பந்தியிடம் ஒரு பழைய மதர்போர்டு வாங்குவது கஷ்டம். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். என் கல்யாணமே இரண்டு சந்திப்பில் முடிவாகிவிட்டது. அந்தப் போர்டு வீட்டுக்கு வர நான்கு சந்திப்பு ஆனது.

அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜுக்கும் ஒரு பார்சல் ஆபீஸுக்கும் நடுவே இருக்கும் மாடிப்படியில் ஏறினால் அவர் கடை. பெரிய கம்பெனிகள் கழித்துப்போட்ட சர்வர்களை வாங்கி, போர்டைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி, ஓட்டிப் பார்த்து அலமாரியில் அடுக்கியிருப்பார். ஒவ்வொன்றும் அவருக்குப் பெண்பிள்ளை. வாங்க வருகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டார். அதனால் எல்லோரையும் 'சம்பந்தி' என்றுதான் கூப்பிடுவார். ஊர் அந்தப் பெயரை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது.

கேம் விளையாட போர்டு கேட்டு வந்த ஒரு கல்லூரி மாணவனிடம், "பேங்க்ல கணக்குப் பாத்த பிள்ளைய கூட்டிட்டுப் போயி துப்பாக்கி சுட விடுவீகளா?" என்று கேட்டு அனுப்பிவிட்டாராம். ஒரு ஸ்டூடியோக்காரருக்கு விற்ற போர்டைப் பத்தாம் நாள் பார்க்கப் போனார். அதன்மேல் டீ கிளாஸ் வைத்திருந்தார்கள். அந்த இடத்திலேயே முழுப் பணத்தையும் எண்ணி வைத்துவிட்டுப் போர்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். இதெல்லாம் என் கணவர் சொன்ன கதைகள். நான் நம்பவில்லை. நானே போகும்வரை.

நான் போனதற்குக் காரணம் ஒரு வேலை. மகள் யாழினி பிறந்தபோது கம்பெனி சர்வர்களைக் கவனிக்கும் நல்ல சிஸ்டம் அட்மின் வேலையை விட்டேன். மூன்று வருஷம் ஆகிவிட்டது. அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை பார்க்கிறவள், கற்றதெல்லாம் மறந்துபோயிருக்குமோ என்று முந்நூறு தடவை யோசித்திருப்பேன். அப்போதுதான் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைக்கு என்னை அழைத்தது. ஒரே ஒரு நிபந்தனை. அடுத்த திங்கட்கிழமை, என் சொந்தக் கணினி ஒன்றுக்குள்ளேயே, மென்பொருளாக, நான்கு சர்வர்களை ஒரே நேரத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். வீட்டில் இருந்த கணினியோ ஒரு சர்வரைப் பார்த்தாலே மூச்சு வாங்கியது. புதிதாக வாங்க வழியில்லை. நிறைய மெமரி தாங்கும் பழைய சர்வர் போர்டு ஒன்று கிடைத்தால் பிழைத்தேன்.

கடைக்குப் போய்ப் போர்டு கேட்டேன். "யாருக்கு?" என்றார் சம்பந்தி. ஐம்பது வயசிருக்கும். வெள்ளை வேட்டி, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி.

"எனக்குத்தாண்ணே."

"அண்ணேன்னு சொல்லாதீக, மொறை மாறிப்போகும். வீட்ல யார் யாரு?"

"நான், அவரு, மூணு வயசுப் பொண்ணு."

"எங்க வைப்பீக?"

"ஹால்ல."

"ஏசி?"

"ஃபேன்தான்."

அவர் அலமாரியிலிருந்து ஒரு போர்டை எடுத்து இரக்கத்தோடு பார்த்தார். "இது பேங்க்ல வளந்த பிள்ளை. குளுகுளு ரூமை விட்டு வெளிய வந்ததே இல்ல. வெயில்னா என்னன்னு தெரியாது. சரி, வீட்ல எர்த் இருக்கா?"

"இருக்கும்னு நெனைக்கிறேன்."

அவ்வளவுதான். போர்டு அலமாரிக்குத் திரும்பிவிட்டது. "நெனைக்கிற வீட்டுக்கெல்லாம் நான் குடுக்கிறதில்ல, சம்பந்தியம்மா. நாளைக்கு வீடு பாக்க வாரேன்."

என் கணவர் கேட்டார்: "நீ போர்டு வாங்கப் போனியா, சம்பந்தம் பேசப் போனியா?"

மறுநாள் தல்லாகுளத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு நிஜமாகவே வந்துவிட்டார். சுவரைத் தடவி ஈரம் பார்த்தார். மூலையில் குனிந்து எறும்பு பார்த்தார். பைக்குள்ளிருந்து இரண்டு ஒயர் வைத்த ஒரு பல்பை எடுத்தார். ஒரு ஒயரைக் கரண்ட்டிலும் இன்னொன்றை எர்த் துளையிலும் வைத்தார். எரியவில்லை.

"இந்த வீட்டுக்கும் பூமிக்கும் பேச்சுவார்த்தையே இல்ல" என்றார். போட்டு வைத்த காபியைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

கீழே குடியிருந்த ஹவுஸ் ஓனரிடம் கெஞ்சினோம். எர்த் குழியைத் தேடினால், அதன்மேல் துணி துவைக்கிற கல்லைப் போட்டிருந்தார்கள். கல்லைப் புரட்டி, உப்பும் கரியும் கொட்டி, என் கணவர் பன்னிரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். புதன்கிழமை சம்பந்தி மறுபடி வந்து பல்பை வைத்தார். எரிந்தது. அன்றைக்குக் காபியைக் குடித்தார்.

வியாழக்கிழமை காலை ஆட்டோவில் வந்து இறங்கினார், கையில் துண்டு சுற்றிய போர்டோடு. கூடவே ஒரு தட்டு. அதில் இரண்டு பிராசஸர், அவற்றின் தலையில் வைக்கும் ஃபேன்கள், எட்டு மெமரி, பவர் சப்ளை, ஒரு சிரிஞ்சில் பிராசஸர் சூட்டைத் தணிக்கும் பேஸ்ட், குங்குமச் சிமிழில் ஒன்பது ஸ்குரூ. "சீர்" என்றார்.

"நீங்களே மாட்டிக் குடுத்துட்டுப் போங்களேன், சம்பந்தி."

"குடித்தனம் பண்ணப் போறது நீங்க. ஞாயித்துக்கெழம மறுவீட்டுக்கு வாரேன். நல்லா இருந்தா சந்தோசம். இல்லேன்னா கூட்டிட்டுப் போயிருவேன்."

அவர் சிரிக்கவில்லை. எனக்கு ஸ்டூடியோக்காரரின் டீ கிளாஸ் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை போர்டு போனால், திங்கட்கிழமை வேலையும் போகும்.

முதல் சோதனை: போர்டு எங்கள் கணினிப் பெட்டிக்குள் நுழையவில்லை. இரண்டு விரற்கடை பெரியது. வெளியே வைத்தால் அடியில் இரும்பு எதுவும் படக்கூடாது. என் கணவர் யோசித்துவிட்டு, பரணிலிருந்து எங்கள் கல்யாண மணையை இறக்கினார். நான் பட்டுப்புடவையில் உட்கார்ந்த மணையில் அது போய் உட்கார்ந்தது. பிராசஸர்மேல் பேஸ்ட் தடவ வேண்டும். பட்டாணி அளவு என்று இணையத்தில் போட்டிருந்தது. பச்சைப் பட்டாணியா, காய்ந்த பட்டாணியா என்று போடவில்லை. அதிலேயே அரை மணி நேரம் போனது.

சுவிட்சைப் போட்டேன். ஃபேன்கள் போட்ட சத்தத்தில் காலண்டர் பறந்தது. யாழினி ஒரு நொடி உதட்டைப் பிதுக்கினாள், அப்புறம் கை தட்டினாள். திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. நாற்பது நொடி பார்த்தேன். கருகிவிடுமோ என்று பயந்து அணைத்தேன்.

கீழேயிருந்து ஹவுஸ் ஓனர், "என்னம்மா, மாடியில மாவு மில்லு வச்சுட்டியா?" என்று குரல் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை ஒரு தப்பைக் கண்டுபிடித்தேன். போர்டுக்கு மூன்று இடத்தில் கரண்ட் கொடுக்க வேண்டும். நான் இரண்டு இடத்தில்தான் சொருகியிருந்தேன். மூன்றாவதையும் சொருகினேன். அதே சத்தம், அதே கறுப்பு. ஒரு நிமிஷம் பார்த்து அணைத்தேன். சம்பந்திக்குப் போன் செய்தேன்.

"சம்பந்தி, திரையில ஒண்ணுமே வரல. சத்தம் மட்டும் பயங்கரமா வருது."

"சத்தம் வந்தா தெம்பா இருக்குன்னு அர்த்தம்."

"பேட்டரி போயிருக்குமோ?"

"மாத்திப் பாருங்க."

"மெமரிய இடம் மாத்திப் போட்டுட்டேனோ?"

"நீலக் கலர்ல இருக்கிற சந்துல மொதல்ல போடணும். எம்புட்டு நேரம் பாத்தீக?"

"ஒரு நிமிஷம்."

"ம்... புது எடம். கூச்சமா இருக்கும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை பேட்டரியை மாற்றினேன். மெமரியை நீலத்தில் போட்டேன். ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தேன், எட்டையும் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அணைத்தேன். முப்பது தடவையாவது இருக்கும். பொரியல் தீய்ந்தது. "கம்பெனிக்கு வரலன்னு சொல்லிடட்டுமா?" என்று கணவரிடம் கேட்டேன். "திங்கக்கிழமை சொல்லு. இன்னிக்கு சனிதானே" என்றார். அவர் அப்படித்தான். எதையும் அதற்குரிய கிழமைக்கு முன்னால் யோசிக்க மாட்டார்.

ஞாயிறு காலை பத்து மணி. கடைசித் தடவையாக சுவிட்சைப் போட்டேன். போட்ட கையோடு குங்குமச் சிமிழைப் பார்த்தேன். எட்டு ஸ்குரூ. மறுபடி எண்ணினேன். எட்டுதான். பக்கத்தில் யாழினி எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

அதற்குமேல் எனக்குச் சர்வரும் தெரியவில்லை, வேலையும் தெரியவில்லை. அவள் வாய்க்குள் விரலை விட்டேன். பிஸ்கட் வந்தது. ஸ்குரூ வரவில்லை. விழுங்கியிருப்பாளோ? என் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிச் சாவியைத் தேடினார். அந்த நேரம் பார்த்து வாசலில் சம்பந்தி, கையில் வாழைப்பழத் தாரோடும் ஒரு கிலோ லட்டோடும்.

"ஸ்குரூவக் காணோம், சம்பந்தி. பிள்ளை முழுங்கிட்டாளோன்னு..."

தாரைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளறைக் கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டார். என் கணவர் பீரோவை நகர்த்தினார். நான் யாழினியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன். அவளுக்கு ஒரே குஷி, இன்னொரு தடவை என்றாள். ஃபேன்கள் அலறிக்கொண்டே இருந்தன. அணைக்க யாருக்கும் ஞாபகம் இல்லை.

திடீரென்று என் கணவர் நின்றார். "உன் கையில என்ன?"

ஸ்குரூடிரைவர். நுனி காந்தம். ஒன்பதாவது ஸ்குரூ அதில் ஒட்டிக்கொண்டு, வீடு முழுக்க என்னோடு சேர்ந்து அதையே தேடிக்கொண்டிருந்தது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அப்போது கட்டிலுக்கடியிலிருந்து சம்பந்தியின் குரல் வந்தது.

"சத்தம் நின்னுருச்சு."

ஆமாம். ஃபேன்கள் அடங்கி, மெல்ல உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தன. போயே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஹாலுக்கு ஓடினேன். மணைக்குப் பக்கத்தில் திரையில் வெள்ளை எழுத்துகள். இரண்டு பிராசஸர். எட்டு மெமரி. எல்லாம் நலம்.

சம்பந்தி தலையில் ஒட்டடையோடு வந்து கண்ணாடியை மாட்டிப் படித்தார். ஒவ்வொரு வரியாக.

"நான் எதுவுமே பண்ணலையே" என்றேன்.

"அணைக்காம இருந்தீகள்ல? அதுதான். இது பெரிய எடத்துப் பிள்ளை. உள்ள இருக்கிற மெமரிய பூரா ஒண்ணொண்ணாச் சரி பாத்துட்டுத்தான் கண்ணத் தொறக்கும். ஆறு நிமிசம் ஆகும். ஏழும் ஆகும்."

"ஆறு நிமிஷமா? நான் ஒரு நிமிஷத்துல அணைச்சுக்கிட்டே இருந்தேனே. போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சம்பந்தி முதல்முறையாகத் தலையைக் குனிந்தார். "பொண்ணு லேட்டா எந்திரிப்பான்னு எந்தத் தகப்பன் சம்பந்தி வீட்ல சொல்லுவான்?"

என் கணவர் சிரித்த சிரிப்பில் ஹவுஸ் ஓனரே மாடியேறி வந்துவிட்டார். அவருக்கும் ஒரு லட்டு கிடைத்தது.

திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வீடியோவில் வந்தார்கள். நான்கு சர்வர்களையும் ஓட்டிக் காட்டினேன். எதுவும் மறந்திருக்கவில்லை. கடைசியாக ஒருவர், "மெஷினை ரீஸ்டார்ட் பண்ணுங்க. நாலும் தானா எழுந்து வருதான்னு பாக்கலாம்" என்றார்.

ரீஸ்டார்ட் கொடுத்தேன். அலறல் ஆரம்பித்தது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். திரை கறுப்பு.

"போயிடுச்சு போல. ஒருதடவை அணைச்சுப் போடுங்களேன்" என்றார் இன்னொருவர்.

என் விரல் பழக்கதோஷத்தில் சுவிட்சுக்குப் போனது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"அணைக்க மாட்டேன் சார். அது எழுந்துக்கிட்டிருக்கு. இன்னும் நாலு நிமிஷம் ஆகும். காத்திருங்க."

யாரிடமாவது காத்திருங்கள் என்று நான் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. அவர்கள் காத்திருந்தார்கள். ஒருவர் தண்ணீர் குடித்தார். ஏழாவது நிமிஷத்தில் சத்தம் அடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கு சர்வர்களும் வரிசையாக வந்து நின்றன.

"அணைக்காம விட்டீங்களே, அந்தப் பொறுமைதாங்க எங்களுக்கு வேணும்" என்றார் அணைக்கச் சொன்னவரே. பொறுமை என்ற சொல்லை என்னைப் பார்த்துச் சொன்னது உலகத்தில் அவர் ஒருவர்தான். மாலைக்குள் வேலை உறுதியாகிவிட்டது.

முதல் போன் சம்பந்திக்குத்தான். அடுத்த நாள் ஆரப்பாளையம் போனேன். பார்சல் ஆபீஸ்காரர், லாட்ஜ் மேனேஜர், கீழே டீக்கடைக்காரர் எல்லோருமே எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். "நம்ம பிள்ளைக்கு வேலை கெடைச்சிருச்சு" என்று சம்பந்தி அத்தனை பேருக்கும் லட்டு கொடுத்திருந்தாராம். அந்தப் பிள்ளை நானா, போர்டா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது ஒரு சிக்கல். வேலையில் சேர்ந்ததும் கம்பெனியே நல்ல லேப்டாப் ஒன்றை அனுப்பிவிட்டது. ஒரு வருஷமாக அந்தப் போர்டுக்கு எங்கள் வீட்டில் எந்த வேலையும் இல்லை. திருப்பிக் கொடுத்தால் வேறு யாருக்காவது உதவுமே என்கிறார் என் கணவர். நியாயம்தான். ஆனால் சம்பந்தி மாதத்துக்கு ஒருமுறை பழத்தோடு வருகிறார். போர்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பார்க்கிறார். "சந்தோசமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் வருகிற அன்று காலையில் நான் அதை ஏழு நிமிஷம் முன்னதாகவே எழுப்பிவிடுகிறேன்.

அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது என்று தெரிந்த வாசகர்கள் தயவுசெய்து எழுதுங்கள். சொல்லவே வேண்டாம், பேசாமல் வைத்துக்கொள் என்று நினைக்கிறவர்களும் எழுதலாம். அவர்கள் கடிதத்தை முதலில் படிக்கிறேன்.