கொறற்றி அக்கா தந்த இரண்டு லீக்ஸ்

எசன்,
வெள்ளிக்கிழமை பின்னேரம்

என்றும் என் மரியாதைக்குரிய கொறற்றி அக்கா அவர்களுக்கு,

நீங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரனும், நமது தமிழர் ஒன்றியத்தின் தலைவர் பதவிக்குப் போட்டியிடுபவனுமான தியாகராசா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே சுகம் என்று எழுதுவதுதான் முறை. உடம்பு சுகம்தான், மற்றதுதான் சுகமில்லை. நீங்கள் சுகமா என்று கேட்பதும் முறை, ஆனால் அதைக் கேட்கிற முகம் என்னிடம் இல்லை. ஆகவே உங்கள் மாதாவும் எங்கள் முருகனும் தங்களுக்குள் பேசி உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருடப் பழக்கத்தில் நான் உங்களுக்குத் தமிழில் எழுதும் முதல் கடிதம் இது. இதற்கு முன் என் பெயரில் உங்களுக்கு வந்த கடிதம் ஜெர்மன் மொழியில் வந்தது. அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். இப்போதே எழுதினால் மிச்சத்தை எழுதக் கை வராது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சொல், அக்கா. தலைவர் தேர்தலுக்கு முதல் எசன்காரர் தங்களுக்குள் ஒருவரையும் டுசல்டோர்ஃப்காரர் தங்களுக்குள் ஒருவரையும் முதற்சுற்றில் தெரிவுசெய்ய வேண்டும் என்று இந்த வருடம் புதுச் சட்டம் வந்தது உங்களுக்குத் தெரியும். அதைக் கொண்டுவந்தவள் என் மகள் வேணுஜா. பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்துவிட்டுக் காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்கிற பிள்ளை, படித்ததை எங்கேயாவது பயன்படுத்த வேண்டாமா. வாக்குச்சீட்டை அவளே ஜெர்மன் மொழியில் அச்சடித்தாள். மேலே ‘ஃபோர்வால்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு. ஃபோர்வால் என்றால் முதற்சுற்றுத் தேர்தல். அந்தக் கோட்டில் என் பெயரையோ எசனில் எனக்கு எதிராக நிற்கும் யோசப்பின் பெயரையோ எழுத வேண்டும். ஆனால் தொலைபேசி எண்ணுக்கு முன்னால் அடிக்கிற ஊர் இலக்கத்துக்கும் ஃபோர்வால் என்றுதானே பெயர்? நாற்பது வருடமாக இந்த நாட்டில் எந்தப் படிவத்தைப் பார்த்தாலும் நிரப்பிப் பழகிய சனம், பேனையை எடுத்து நிரப்பிவிட்டது. எண்ணிப் பார்த்தபோது எனக்குப் பத்தொன்பது வாக்கு, யோசப்புக்குப் பதினேழு, எசனின் ஊர் இலக்கமான 0201க்கு முப்பத்தொன்று. டுசல்டோர்ஃபிலும் இதே கதைதானாம், அங்கே வென்றது 0211. நீங்களும் வெளியே வந்து, “தம்பி, நான் வடிவா எங்கட நம்பரைத்தான் போட்டனான்” என்று என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். அன்று நான் சிரித்தேன். தேர்தலை இரண்டு கிழமை தள்ளிப்போட்டார்கள். அந்த இரண்டு கிழமைதான் என்னைக் கெடுத்தது.

அடுத்த கூட்டத்தில் யோசப் எழும்பிப் பேசியது நினைவிருக்கும். மன்னாரிலிருந்து வந்து இருபது வருடமாக பஸ் ஓட்டுகிற மனிதன், மைக்கைப் பிடித்தாலும் ஸ்டியறிங்கைப் பிடிப்பதுபோலத்தான் பிடிப்பான். பொங்கல் விழாவில் முன்னால் போடுகிற துணி போர்த்த கதிரைகளைப் பற்றிக் கேட்டான். அந்தக் கதிரை சொந்த வீடு வாங்கினவைக்கும் கடை வைத்திருப்பவைக்கும், பின்னால் போடுகிற பிளாஸ்டிக் கதிரை துப்புரவு வேலைக்கும் சமையலறை வேலைக்கும் போகிறவைக்கும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்றான். அப்படி ஒரு சட்டமும் இல்லை, வசதிக்குத்தான் என்று நான் சொல்ல, யாருடைய வசதிக்கு என்று பின்னாலிருந்து ஒரு குரல். பிறகு யோசப் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்: “அண்ணை, உங்கட வீட்டு வாசல்ல நிக்கிற பஸ் எத்தினையாம் நம்பர் எண்டு சொல்லுங்கோ பாப்பம்.” எனக்குத் தெரியவில்லை, அக்கா. மண்டபம் முழுக்கச் சிரித்தது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை, “அவர் வீட்டுக்காரர் எண்டாலும் மனுசத்தன்மை உள்ளவர்” என்று பக்கத்துக் கதிரைக்காரிகளிடம் சொன்னீர்களாம். அதை வேணுஜா கேட்டுவந்து சொன்னாள். தேவாலயத்துப் பெண்களின் வாக்கு அப்படியே எனக்கு விழும் என்று அன்றிரவு கணக்குப் போட்டேன். நீங்கள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தையை நான் வாக்காகத்தான் எண்ணினேன் என்று எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாளே ஏழையாகிவிடுவது என்று முடிவெடுத்தேன். காரை இரண்டு தெரு தள்ளி விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினேன். வந்த புதிதில் அகதி முகாமில் எனக்குக் கிடைத்த பழைய ஜாக்கெட்டை என் மனைவி தேவமலர் நிலக்கீழ் அறையிலிருந்து தேடித் தந்தாள். பூட்ட முடியவில்லை, வயிறு விடவில்லை. டிக்கெட்டை வாங்கினால் போதும் என்று நினைத்தேன், அதை ஒரு பெட்டிக்குள் விட்டு முத்திரை குத்த வேண்டுமாம். பரிசோதகர் வந்து தண்டம் எழுதினார். தண்டம் எழுதுகிற நேரத்தில், இரண்டு தெரு தள்ளி விட்ட காருக்கும் தண்டம் எழுதிவிட்டார்கள், அது வேறொருவரின் வாசலாம். ஏழையாக இருப்பதற்கு இவ்வளவு செலவாகும் என்று எனக்கு முதல் தெரியாது. இதைத் தேவமலரிடம் பகிடியாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகுதான் செவ்வாய்க்கிழமை வந்தது. தேவாலயத்துக்குப் பின்னால் மரக்கறியும் பாணும் இலவசமாகக் கொடுக்கும் டாஃபெலுக்குப் போய் உதவி செய்யுங்கள், நான் வந்து ஒரு படம் எடுக்கிறேன் என்று வேணுஜா சொன்னாள். அவள் சொன்னது மேசைக்குப் பின்னால் நின்று கொடுக்கச் சொல்லி. நான் என்ன செய்தேன்? மேசைக்குப் பின்னால் நின்றால் அங்கேயும் முதலாளிபோலத் தெரியும் என்று யோசித்து, வரிசையில் போய் நின்றுவிட்டேன். உண்மையாகப் பசித்தவர்கள் நிற்கிற இடத்தில், காலையில் இடியப்பம் சாப்பிட்டுவிட்டுப் போய் நின்றேன். என் முறை வந்ததும் மேசைக்குப் பின்னால் நின்ற ஜெர்மன் பெண்மணி, வருமானம் குறைந்தவர்களுக்குக் கொடுக்கிற அட்டையைக் கேட்டார். அட்டையா? நான் சட்டைப்பை, காற்சட்டைப்பை எல்லாவற்றையும் துழாவ, கார்ச் சாவி நிலத்தில் விழுந்தது. அதை எடுத்துத் தந்தபடி அவர் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். அப்போதுதான் பின்னாலிருந்து என் முழங்கையை யாரோ தொட்டார்கள்.

தலையில் துணி கட்டி, உருட்டுப் பையோடு நின்றீர்கள். உங்களை அங்கே காண்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஒவ்வொரு விழாவுக்கும் இருநூறு றோல்ஸ் சுட்டுக்கொண்டு வருகிற அக்கா, பிராங்போட்டில் மகன் இருக்கிறான் எனக்கென்ன குறை என்று சொல்கிற அக்கா. நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். ஓடி ஒளிந்திருக்கலாம். நீங்கள் கேட்டது வேறு.

“தம்பி, உங்களுக்குமோ?” என்றீர்கள். “ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், பயப்பிடாதேங்கோ.”

இல்லை அக்கா, எனக்கு ஒரு குறையும் இல்லை, நான் வாக்குக்காக நிற்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. என் வெட்கத்தை ஏழ்மை என்று நினைத்து, உங்கள் பையிலிருந்து ஒரு பாணும் இரண்டு லீக்ஸும் எடுத்து என் கையில் வைத்தீர்கள். நான் வாங்கிக்கொண்டேன். ஓம், வாங்கிக்கொண்டேன். நன்றி என்றும் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து வேணுஜா தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று படம் எடுத்துவிட்டாள். நீங்கள் யார் என்று கவனிக்கவில்லையாம், என் முகம் தெளிவாக விழுந்ததா என்றுதான் பார்த்தாளாம். ‘மக்களோடு மக்களாக’ என்று எழுதி, ஒன்றியத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். எனக்குக் காட்டிவிட்டுத்தான் போட்டாள். அவள்மேல் பழியைப் போட்டுத் தப்ப மாட்டேன். நான் கைபேசியை வாங்கிப் பார்த்தேன். நீங்கள் அதில் இருப்பதையும் பார்த்தேன். ஆனால் அதற்கு முதல் என் ஜாக்கெட்டைப் பார்த்தேன். அது நல்ல ஏழ்மையாக விழுந்திருந்தது. போடு என்று சொல்லிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் யாரோ கேட்டார்கள், பின்னால் நிற்பது கொறற்றி அக்காவோ என்று. பத்தாவது நிமிடத்தில் நீங்கள் குழுவிலிருந்து விலகிவிட்டீர்கள். படத்தை அழித்தோம், ஆனால் பார்த்த கண்ணை அழிக்க ஏலாதே. புதன்கிழமைப் பூசைக்கு நீங்கள் வரவில்லை. நேற்று மூன்று தரம் மணி அடித்தேன், உள்ளே றேடியோ நின்றது, கதவு திறக்கவில்லை.

இனி அந்த ஜெர்மன் கடிதம். செவ்வாய் இரவு தேவமலர் அந்த லீக்ஸை முட்டையோடு வறுத்து வைத்தாள். எங்கே வாங்கினீர்கள், நல்ல பிஞ்சு என்றாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். “அக்கான்ர வாடகையைப் போன மார்கழியில நாங்கள்தானே கூட்டினனாங்கள்?” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் வாடகைக்கு விட்டிருக்கிற ஆறு வீட்டுக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் போன கடிதம் அது, நிர்வாகக் கம்பனி எழுதியது, நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்தது. மண்டபத்தில் அக்கா என்று கூப்பிட்டுவிட்டு, கடிதத்தில் மதிப்புக்குரிய திருமதி என்று தொடங்கியிருக்கிறேன். நீங்கள் ஒரு நாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பொங்கலுக்கு அதே இருநூறு றோல்ஸ் கொண்டுவந்தீர்கள். இருபத்தைந்து வருடம் ஆஸ்பத்திரி நிலம் துடைத்து எடுக்கிற ஓய்வூதியத்தில் எனக்கு வாடகை கட்டிவிட்டு வரிசையில் நின்று வாங்கிய லீக்ஸை, நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் தேவமலர் வாய் திறந்தாள் என்று சொல்ல ஆசை. ஆனால் இரண்டாம் தரம் போட்டது அதற்குப் பிறகு.

ஆகவே மூன்று விஷயம் எழுதித் தருகிறேன். வாற மாதத்திலிருந்து உங்கள் வாடகை பழையபடிதான். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியிலிருந்து நான் விலகுகிறேன், யோசப் வெல்லட்டும், கதிரைத் துணியை எல்லாம் கழற்றட்டும். மூன்றாவது, உங்கள் வீட்டு விஷயம் இனி என் வாயிலிருந்து ஒரு சீவனுக்கும் போகாது. நீங்கள் எனக்குத் தந்த வாக்கை, ஒருவருக்கும் சொல்ல மாட்டேன் என்றீர்களே, அதைத் திருப்பித் தருகிறேன்.

உங்கள் மகனுக்கும் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. நீங்கள் நீண்ட ஆயுளோடு இருந்து, மனம் வரும் ஒரு நாளில் கதவைத் திறந்து என்னை ஏச வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும்,

தங்கள் தம்பி,
தியாகராசா

பிற்குறிப்பு: சனிக்கிழமை காலை. கடிதத்தை மடிக்க முன், மன ஆறுதலுக்காக வேணுஜாவுக்குக் காட்டினேன். பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கக் கஷ்டம், கைபேசியால் படம் எடுத்து அதையே வாசிக்க வைத்துக் கேட்டாள். கேட்டு அழுதுவிட்டாள். அப்பா, இதை எல்லாரும் கேட்க வேண்டும் என்றாள். எனக்கும் கொஞ்சம் கண் கலங்கியிருந்தது, ஓம் என்றேனோ தலையைத்தான் ஆட்டினேனோ தெரியவில்லை. குழுவில் போட்டுவிட்டாள். உங்கள் பெயரை மறைத்துவிட்டாளாம், ‘கொ. அக்கா’ என்று மாற்றியிருக்கிறாள். எழுபத்தெட்டுப் பேர் சிவப்பு இதயம் போட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு மனிதனுக்கு எதிராக நான் நிற்கமாட்டேன் என்று யோசப் போட்டியிலிருந்து விலகிவிட்டான். இனி நானும் விலகினால் எசனுக்கு ஆளே இல்லை, ஆகவே விலக முடியாதாம். மற்ற ஐந்து வீட்டிலும் குடியிருப்பவர்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, எங்கள் வாடகையும் குறையுமோ என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். தேர்தல் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று பதில் போட்டிருக்கிறோம், உங்களுக்கும் அதே பதில்தான் என்று எழுத எனக்குக் கை கூசுகிறது. கடிதத்தைத் தபாலில் போடாமல் நானே கொண்டுவந்து கதவின் கீழால் தள்ளுகிறேன். நீங்கள் குழுவிலிருந்து விலகிவிட்டதால், இந்த ஊரில் இதை இன்னும் வாசிக்காத ஒரே ஆள் நீங்கள்தான், அக்கா.