பிள்ளையார் சுழியும் ஒன்றரையாம் அடுக்கும்

வட்டக்கச்சி,
பங்குனி, 2001

அன்புள்ள மருமகன் சுகிர்தனுக்கு,

வற்றாப்பளை அம்மன் புண்ணியத்தில் நானும் உமது மாமி கமலாசனியும் உயிரோடு இருக்கிறோம். நீர் ரொறன்ரோவில் சுகமாகத்தான் இருப்பீர். பிறருக்கு உபகாரம் செய்துவிட்டுத் தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு குறையும் வருவதில்லை.

நீர் அனுப்பிய கணினி நிரல் கிடைத்தது. "மாமா, இனி பக்கம் பக்கமாய் எழுதத் தேவையில்லை, பெட்டி பெட்டியாய்க் கீறி வயரால தொடுத்தால் போதும், குளத்துக் கணக்கு தானாய் வரும்" என்று எழுதியிருந்தீர். நீர்ப்பாசன ஓவசியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு, கையால் கணக்குப் பார்த்துச் சரியான விடை எடுக்கும் கெட்ட பழக்கம் இருந்தது. அதிலிருந்து என்னை மீட்டதற்கு நன்றி.

கமக்காரர் சங்கத்துக் கொம்பியூட்டரில் நானும் தட்டெழுத்துக்காரி நாகேஸ்வரியும் இருந்தோம். மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனரேற்றர் வெளியே இருமிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அறிய, தண்ணீரின் உயரத்துக்கு ஒன்றரையாம் அடுக்கு எடுக்க வேண்டும். அது தெரிந்தால்தான் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் சிறுபோக விதைப்பில் எத்தனை வயலுக்குக் காணும், எத்தனைக்குப் போதாது என்று சொல்லலாம். அடுக்குக்குத் தொப்பிக்குறி (^) போட்டுச் சூத்திரத்தைப் பெட்டிக்குள் அடித்தோம். முதல் வரியில் பிழை என்றது. அடைப்புக்குறியைப் போட்டோம், எடுத்தோம், வரி முடிவில் அரைப்புள்ளி வைத்தோம், ஜெனரேற்றரை நிற்பாட்டித் திரும்பவும் ஓடவிட்டோம். முதல் வரியில் பிழை என்று அது ஒரே பிடியாய் நின்றது. முதல் வரியில் என்ன இருந்தது? பிள்ளையார் சுழி. விசைப்பலகையில் சுழி இல்லாததால் இரண்டைப் போட்டு அடியில் கோடிழுத்திருந்தோம். "அண்ணை, இதை எடுத்துப் பாப்பமே?" என்று நாகேஸ்வரி கேட்டதுதான் தாமதம், சங்கத் தலைவர் பரமலிங்கம் துள்ளினார். "விதைப்புக் கணக்கைச் சுழி போடாமல் துவங்குறதோ? வயல் எரிஞ்சு போகும், பிள்ளை!" கடைசியில் சுழியைச் சந்தனத்தால் கொம்பியூட்டரின் நெற்றியில் போட்டுவிட்டு, பெட்டிக்குள் இருந்ததை அழித்தோம். பிழை போய்விட்டது.

விடையும் வந்தது. எல்லா வயலுக்கும் தண்ணீர் காணுமாம்! பரமலிங்கம் அதைக் கூட்டத்தில் வாசிக்க ஒரே கைதட்டு. வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் வைத்திருக்கும் வடிவம்மா, மலைநாட்டு ஹற்றனிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய மனுசி, அழுதேவிட்டா. இருந்த விதைநெல் முழுவதையும் அன்றைக்கே ஊறப்போட்டா. எனக்கு மனம் கேட்கவில்லை. பழைய கெட்ட பழக்கத்தில் கையால் போட்டுப் பார்த்தேன். அரைவாசி வயலுக்குத்தான் தண்ணீர் காணும். நிரலோடு நீர் அனுப்பிய குறிப்பின் கடைசித் தாளில், பொடி எழுத்தில், அடுக்குக்குத் தொப்பிக்குறி போடக்கூடாது, இரண்டு நட்சத்திரம் போட வேண்டும் என்று இருக்கிறது. தொப்பிக்குறி வேறு ஏதோ வேலைக்காம். பிழையென்று சொல்லாமலே பிழையான விடையைத் தருமாம். ஏன் ராசா, பிள்ளையாரைக் கண்டு குழறின பெட்டி இதுக்கு வாய் திறக்கக்கூடாதோ?

ஓடிப்போய் வடிவம்மாவிட்டச் சொன்னன். நெல் சாக்குக்குள்ள முளை கட்டிப்போச்சு. "ஐயா, முளைச்சத திருப்பி வெத நெல்லாக்க உங்க பொட்டியில வழி இருக்கா?" எண்டு கேட்டா. சுகிர்தன், அந்த மனுசிக்கு வேற விதையும் இல்லை, வேற வயலும் இல்லை. நாளைக்குத் திரும்பவும் கூட்டம். பரமலிங்கம் என்ன குதி குதிச்சாலும் உள்ளதை எழும்பிச் சொல்லத்தான் போறன். கணக்கெண்டால் சரியாய் இருக்கவேணும், ஆருக்கு நட்டமெண்டாலும். உம்மட நிரல் ஒண்டும் இனி இந்தப் பக்கம் வரவேண்டாம்.

உமக்கும் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளும், கையால் கூட்டிப் பெருக்கும் புத்தியும் கிடைக்க ஆசீர்வதிக்கும்,
மாமா தில்லைநாதன்

பி.கு.: கூட்டம் முடிந்தது. உண்மையைச் சொன்னேன், எல்லாரும் மெச்சினார்கள். தண்ணீர் குறைந்த போகத்தில் வாய்க்கால் தலைப்பிலுள்ள வயல்களை மட்டும் விதைத்து, அவற்றில் கடைக்கோடிக்காரருக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பது இங்கே வழமை. தலைப்பில் முதல் வயல் என்னுடையது. நான் உழுது மட்டம் அடித்து வைத்திருந்த வயலின் பாதியில் வடிவம்மா முளைநெல்லை விதைத்துக்கொண்டிருக்கிறா. "ஐயா கணக்குன்னா கணக்குதான்!" என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறா. உமது மாமி அவவுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோகிறா. சரியான விடையைப் பிழையாக்குகிற நிரல் ஏதும் கனடாவில் இருந்தால் உடனே அனுப்பவும்.