தராசு அண்ணையும் இரண்டு தீவுகளும்

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழிற்சாலைச் சாப்பாட்டு வரிசையில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்னால் தராசு அண்ணை, வெறும் தட்டோடு. அடுத்து கிரேன் ஓட்டுகிற ஜெர்மன்காரர். ஆள் கதவு உயரம். அடுத்து ரஹீம், மதுரைப் பொடியன், ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவன், விடுமுறைக்கு எங்களோடு இரும்பு தூக்க வந்தவன். அடுத்து நான். எனக்குப் பின்னால் துருக்கியர், கிரேக்கர், இத்தாலியர், எல்லாரும் பசியோடு. மேசைக்கு அந்தப் பக்கம் ஹில்டா அக்கா, கையில் அகப்பை.

வரிசை அசையவில்லை. தராசு அண்ணை ஒரு பதில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

ஆண்டவன் மனிதனுக்கு இரண்டு கண் கொடுத்தது ஒன்றைப் பார்க்க. தராசு அண்ணைக்கு மட்டும் இரண்டைப் பார்க்க. எதையும் தெரிவு செய்யத் தெரியாத இப்படி இன்னொரு மனிதன் ஜெர்மனி முழுக்கத் தேடினாலும் அகப்படமாட்டான். சத்தியம் செய்வேன்.

சொந்தப் பெயர் வேறு. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் தொழிற்சாலையின் தொழிலாளர் விடுதிக்கு வந்தபோதே அவர் தராசுதான். வேலை அப்படி. பல்சக்கரம் சரியா பிழையா என்று பார்க்கிற மேசை அவருடையது. இடக்கையில் மாதிரிச் சக்கரம், வலக்கையில் புதுச் சக்கரம். இதைப் பார்ப்பார், அதைப் பார்ப்பார், பிழையென்றால் கூடைக்குள் போடுவார். அந்த வேலையில் அவரை வெல்ல ஆளில்லை. "தராசு விட்டால் விடலாம்" என்று எங்கள் மேலாளரே சொல்வார்.

வேலை முடிந்து மேசையை விட்டு எழும்பினாலும் அவருக்குக் கைகள் இறங்காது. அதுதான் வினை. தொழிற்சாலையில் எது மாதிரி என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வெளியே ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஊரிலிருந்து வந்த முதல் வருடம் சப்பாத்து வாங்கப் போனாராம். கறுப்பு ஒன்று, மண்ணிறம் ஒன்று. ஒரு காலில் கறுப்பு, மறு காலில் மண்ணிறம் போட்டுக்கொண்டு கடை பூட்டும் வரைக்கும் கடைக்குள்ளேயே நடந்திருக்கிறார். கடைக்காரன் கழற்றிக்கொண்டு வெளியே விட்டுவிட்டான். தை மாதம் வரைக்கும் பனியில் செருப்போடு திரிந்தார். மலிவு விற்பனையில் மற்றதெல்லாம் போய் ஒரேயொரு சோடி மிஞ்சியபோதுதான் வாங்கினார். அளவு பெரிது. "ஆனால் ஒப்பிட ஒண்டும் இருக்கேல்லைத் தம்பி, நிம்மதியாயிருந்துது" என்றார்.

வேலைக்கு இரண்டு ட்ராம் போகும். இரண்டும் ஒன்றாக வந்தால் இரண்டையும் விட்டுவிட்டு நடந்து வருவார்.

கலியாணக் கதையை நானே வாய்விட்டுக் கேட்டேன்.

"ஏன் அண்ணை கட்டேல்லை?"

"ரெண்டு இடம் பேசி வந்தது. ரெண்டு பிள்ளையளும் நல்ல பிள்ளையள்."

"பிறகு?"

"யோசிச்சுக்கொண்டிருந்தனான். ரெண்டு பேரும் கட்டிப் பிள்ளையும் பெத்திட்டினம்."

"இப்ப யோசிச்சு முடிச்சிட்டியளோ?"

"முதலாவது நல்லம் போலை கிடக்கு" என்றார். அதற்குள் முதலாவதின் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

இந்த மனிதரிடம்தான் ஹில்டா அக்கா ஒரு கேள்வி கேட்டார்.

ஹில்டா அக்கா சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுகிறவர். புருசன் இறந்துவிட்டார். பிள்ளை இல்லை. நாங்கள் கூப்பிடுவதைக் கேட்டுத் தராசு என்பதுதான் அண்ணையின் பெயர் என்று நினைத்து, "ஹெர் தாரசு" என்று மரியாதையாகக் கூப்பிடுவார். தொழிற்சாலை நத்தார் விழாவில், கிறிஸ்மஸ் மரத்துக்குக் கீழே, சீட்டுக் குலுக்கினார்கள். முதல் பரிசு ஹில்டா அக்காவுக்கு. கரீபியன் கடலில் பதினாலு நாள், இரண்டு பேர், விமானம் உட்பட. பார்படோஸ் அல்லது ஜமைக்கா, விரும்பியது.

எங்களுக்குக் கரீபியன் என்றால் கிரிக்கெட்தான். அங்கே விடுமுறைக்கும் போவார்கள் என்று அன்றுதான் தெரியும்.

அடுத்த நாள் சூப் ஊற்றிக்கொண்டே அவர் கேட்டார்: "ஹெர் தாரசு, கூட வருகிறீர்களா? நீங்கள் தீவில் பிறந்தவர். எந்தத் தீவு என்று நீங்களே சொல்லுங்கள்."

அண்ணை யாழ்ப்பாணத்து நெடுந்தீவு. பிறந்தது தீவில் என்பது உண்மை. ஆனால் அவர் பிறந்த அன்று ஒரு தீவுதான் இருந்தது. இப்போது இரண்டு.

"ஓம், வாறன்" என்று உடனே சொல்லிவிட்டார். அவர் வாயிலிருந்து உடனே வந்த ஒரே பதில் அதுதான். தீவுக்கு மட்டும் தவணை கேட்டார்.

"கலியாணம் கட்டாமல் ஒரு பொம்பிளையோட போறியளோ?" என்று நாங்கள் இருவரும் படுக்கிற அறையில் வைத்துச் சீண்டினேன்.

"அங்கை ரெண்டு அறை."

"அதிலை எது உங்கடை?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். அறையை யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சனிக்கிழமைகளில் பயணச்சீட்டுக் கடைக்குப் போகத் தொடங்கினார். நானும் கூடப் போனேன். அங்கே ஒரு இளம்பெண் படப் புத்தகத்தை விரித்து நீலக் கடலைக் காட்டினாள். அண்ணை கடலைப் பார்க்கவில்லை. கடல் அவருக்கு என்ன புதிதா?

"கிணத்துத் தண்ணி உவரோ, நல்ல தண்ணியோ?" என்று கேட்டார். நெடுந்தீவு ஆளுக்கு முதல் கேள்வி அதுதான் வரும்.

"விடுதியில் நீச்சல் குளம் இருக்கிறது" என்றாள் அவள்.

"குளத்துத் தண்ணியைக் குடிக்கலாமோ?"

பிறகு கேட்டவை அதைவிட மோசம். விடுதியில் எத்தனை படி? அறையிலிருந்து கடலுக்கு இறக்கமா, சமதரையா? மத்தியானம் காற்று எந்தப் பக்கம்? மரநிழல் உண்டா, அல்லது படத்துக்கு நட்ட மரமா? அந்தப் பெண் பாவம், கொழும்பும் தெரியாது, கிங்ஸ்டனும் தெரியாது. மூன்றாவது சனிக்கிழமை எங்களைக் கண்டதும் மேசைக்குக் கீழே எதையோ தேடப் போனாள், நாங்கள் போகும்வரை எழும்பவில்லை. நான்காவது சனிக்கிழமை, இனி முன்கூட்டியே டெர்மின் எடுத்து நேரம் குறித்துக்கொண்டுதான் வரவேண்டும் என்று கதவில் ஒட்டியிருந்தது. கடைக்கு வந்த மற்றவர்கள் எல்லாரும் சும்மா உள்ளே போனார்கள்.

ரஹீமுக்குப் பொறுக்கவில்லை. "என்னண்ணே இது, லாஜிக்கே இல்லையே. ஹாலிடே போறீங்க. படிக்கட்டை ஏன் எண்றீங்க?"

"அவவுக்கு முழங்கால் நோ."

"யாருக்கு?"

"ஹில்டாவுக்கு. இடது முழங்கால். கீழ்த்தட்டிலை கோப்பை எடுக்கேக்கை மேசையைப் பிடிச்சுத்தான் எழும்புவா. நீங்கள் ஒருத்தரும் பாக்கேல்லையோ?"

நாங்கள் பார்த்ததெல்லாம் உருளைக்கிழங்கு.

"பார்படோஸ் சமதரை. எங்கடை ஊர் மாதிரிச் சுண்ணாம்புக்கல்லு. முழங்காலுக்குத் திறம். ஆனால் அவவுக்குச் சூடு ஆகாது. போன ஆனியிலை அடுப்படியிலை மயங்கி விழுந்தவ. ஜமைக்காவிலை மலை இருக்கு, குளிர்ச்சி. ஆனால் ஏத்தம். அப்ப முழங்கால்?" இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். இடக்கையில் பார்படோஸ், வலக்கையில் ஜமைக்கா.

ரஹீம் சிரிக்க வாயைத் திறந்து அப்படியே மூடிக்கொண்டான்.

"அவகிட்டயே கேட்டா என்னண்ணே?"

"கேக்கிறதோ விடுறதோ எண்டு அதையும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

இதற்கிடையில் கிரேன்காரர் ஹில்டா அக்காவிடம், "அந்த ஆள் சொல்லமாட்டான். நான் வருகிறேன். எந்தத் தீவானாலும் எனக்குச் சரி" என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர். வீடு இருந்தது, கார் இருந்தது. தெரிவு செய்யவும் தெரிந்திருந்தது.

தீவின் பெயரையும் கூட வருகிறவரின் பெயரையும் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் தொழிற்சாலைக் கந்தோர் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். தவறினால் பரிசு அடுத்த சீட்டுக்குப் போய்விடும். புதன்கிழமை ஹில்டா அக்கா அண்ணையின் தட்டைப் பிடித்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் சொல்லாவிட்டால் நான் அவரோடு போகிறேன், ஹெர் தாரசு" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அண்ணை அன்று சாப்பிடவில்லை.

பூக் கட்டிப் பார்ப்பம் என்று நான்தான் சொன்னேன். ஊர் வழக்கம். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனியே பொட்டலம் கட்டிச் சாமிக்கு முன்னால் வைத்து, ஒருவரைக் கொண்டு ஒன்றை எடுப்பிப்பது. எடுத்த பூ சாமியின் முடிவு. மாசிக் குளிரில் இரண்டு ரோசா வாங்கினோம். சிவப்பு எந்தத் தீவுக்கு, வெள்ளை எந்தத் தீவுக்கு என்று அண்ணை யோசிக்கத் தொடங்கினார். வியாழக்கிழமை பின்னேரம் பூ இரண்டும் வாடிவிட்டன. வேறு இரண்டு வாங்கி, சிவப்பு ஜமைக்கா, வெள்ளை பார்படோஸ் என்று நானே சொல்லிவிட்டேன். ஹீட்டருக்கு மேல் தொங்கிய கலண்டர்ப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தோம்.

"ரஹீம், நீர் எடும்" என்றார் அண்ணை.

"நானா? பிள்ளையாருக்கு என்னைத் தெரியவே தெரியாதேண்ணே."

"அதுதான் நல்லம். ஆள் தெரிஞ்சால் தாட்சண்யம் பாப்பார்."

ரஹீம் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தான். வெள்ளை. பார்படோஸ். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"பொறும் பொறும்" என்றார் அண்ணை. "மற்றதையும் எடுத்துப் பாப்பம். அதிலை என்ன இருக்கெண்டு தெரியாமல் எப்பிடி முடிவெடுக்கிறது?"

மற்றதையும் எடுத்தார். சிவப்பு இருந்தது. வேறென்ன இருக்கும்?

"பாத்தீரோ" என்று பெருமூச்சு விட்டார். "ரெண்டும் வந்திட்டுது. அவருக்கும் தெரியேல்லை."

அப்படித்தான் வெள்ளிக்கிழமை வந்தது, வரிசை நின்றது.

"எந்தத் தீவு, ஹெர் தாரசு?"

அண்ணை தட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். பின்னால் சத்தம் கிளம்பியது. துருக்கியர் "பார்படோஸ்!" என்றார்கள். கிரேக்கர் "ஜமைக்கா!" என்றார்கள். இத்தாலியர் "சிசிலி!" என்றார்கள், அது பரிசிலேயே இல்லை.

கிரேன்காரர் அண்ணையின் தலைக்கு மேலாலே பேசினார். "ஹில்டா, சூப் ஆறுகிறது. ஜமைக்கா என்று எழுது. பார்படோஸ் என்றாலும் எழுது. எனக்கு எல்லாம் ஒன்றுதான்."

ஹில்டா அக்கா அகப்பையை வைத்துவிட்டு ஏப்ரனைக் கழற்றப் போனார். கந்தோருக்குப் போக.

அண்ணை தட்டை மேசையில் வைத்தார். அவருடைய ஜெர்மன் உடைந்த ஜெர்மன். உடைந்தபடியே கேட்டார்.

"ஹில்டா. உங்களுக்கு முழங்கால் பெரிசா, சூடு பெரிசா?"

"என்ன முழங்கால்?"

"இடது. பார்படோஸ் சமதரை, முழங்கால் நல்லம், சூடு கூடாது. ஜமைக்கா மலை, சூடு நல்லம், முழங்கால் கூடாது." இரண்டு கையும் எழும்பிவிட்டன. "இரண்டு மாதம் பார்க்கிறேன். இரண்டும் சரியான சக்கரம். எதைக் கூடைக்குள் போட?"

ஹில்டா அக்கா ஏப்ரன் முடிச்சிலிருந்து கையை எடுத்தார்.

"நீங்கள் தீவைப் பார்க்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன்" என்றார் ஹில்டா அக்கா. பிறகு கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். "பார்படோஸ். வெயிலுக்குத் தொப்பி போடலாம். முழங்காலுக்குத் தொப்பி கிடையாது."

"அப்போது நான்?" என்றார் கிரேன்காரர்.

"உங்களுக்குத்தான் எல்லா இடமும் ஒன்றாயிற்றே. ஸ்டுட்கார்ட்டும் ஒரு இடம்தான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. கிரேன்காரரும் சிரித்தார். கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தார், ஆனால் சிரித்தார். ஹில்டா அக்கா கந்தோருக்குப் போய்த் திரும்பி வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அகப்பையை எடுத்தார். "உருளைக்கிழங்கா, நூடுல்ஸா, ஹெர் தாரசு?"

"அக்கா, ப்ளீஸ்!" என்று பின்னாலிருந்து ரஹீம் தமிழிலேயே கத்தினான். "அவருக்கு சாய்ஸ் குடுக்காதீங்க!"

சித்திரையில் ஒரு சனிக்கிழமை காலை பிராங்பேர்ட் வண்டிக்கு அவர்களை ஏற்றிவிடப் போனோம். ஹில்டா அக்காவிடம் புதுத் தொப்பி. அண்ணையிடம் இரண்டு பெட்டி. எது நல்லதென்று முடிவு செய்ய முடியாமல் இரண்டையும் கொண்டுவந்திருந்தார், ஒன்று வெறும் பெட்டி. அக்காவின் பெட்டியைக் கிரேன்காரர் ஒற்றைக் கையால் தூக்கி மேலே வைத்தார். வண்டிப் படியில் அண்ணை முதலில் ஏறி, திரும்பி, கையை நீட்டினார். எந்தக் கை என்று யோசிக்கவில்லை.

வண்டி போய்விட்டது. எங்களில் ஒருவரும் அசையவில்லை. முழு இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்தவர்களும் நின்றார்கள். போனவர் திரும்பி வராத ஆளா என்று ரயில்நிலையக் காவலர் என்னிடம் கேட்டார். இல்லை, பதினாலு நாளில் வந்துவிடுவார் என்றேன். அதற்கு இவ்வளவு பேரா என்றார். அப்போதுதான் திரும்பிப் பார்த்து எண்ணினேன்.

முப்பத்தேழு பேர்.