அக்காவின் பார்சலும் தசைச் செல்களும்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சுகம். உன் மகன் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே சுகம். உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

விஷயம் இதுதான். உன் மகனுக்கு நீ அனுப்பும் பலகாரப் பார்சலை நிறுத்திவிடு. என் மகள் ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டுகளில் தசைச் செல் வளர்க்கிறாள் அல்லவா, அந்த இளஞ்செல்களுக்கு வளர்ச்சிக் காரணிகள் நிறைந்த கொழுத்த திரவத்தை ஊற்றிக்கொண்டே இருந்தால் அவை ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெருகுமே தவிர, தசை ஆகாதாம். ஊட்டத்தைக் குறைத்தால்தான் பெருகுவதை விட்டு, வரிசையில் நின்று, ஒன்றோடொன்று இணைந்து நீண்ட இழையாகுமாம். அப்போது முதிர்வதற்கு வேண்டிய காரணியைக்கூடத் தாங்களே சுரந்துகொள்ளுமாம். இதை அவள் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது என் மனைவி உன் மகனைத்தான் பார்த்தாள். இங்கே வந்ததிலிருந்து அவனுடைய தொழில் யோசனைகளும் அப்படித்தான் பெருகுகின்றன, ஒன்றும் இழையாகவில்லை. அவனோ மறுபடி சோறு போட்டுக்கொண்டே, "ரொம்பக் கொடுமை மாமா" என்றான். செல்லுக்காகச் சொன்னான்.

சும்மா இருக்கிறானே என்று மகள் அதே ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை வாங்கிக் கொடுத்தாள். ஒருநாள் காலை அவள் தட்டுகளுக்கு ஊட்டத்தைக் குறைத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனாள். உன் மகன் தட்டுகள் இருந்த அலமாரியைத் திறந்து, மனமிரங்கி, அத்தனை தட்டுக்கும் கொழுத்த திரவத்தை ஊற்றிவிட்டான். சில நாள் கழித்து இழைகளைப் பார்க்க வந்த பேராசிரியர் நுண்ணோக்கியில் குனிந்து, "யாரும்மா இதுங்களுக்கு விருந்து வெச்சது?" என்றாராம். மகளுக்கு எல்லாம் முதலிலிருந்து. இவனுக்கு வேலை போனது. கேட்டால், "பசியோட இருந்துச்சுங்க மாமா. நீங்க யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று என்னையே கேட்கிறான்.

அதன்பிறகு என் மனைவி அவனுக்கும் ஊட்டத்தைக் குறைத்தாள். தட்டை எடுத்து வைப்பதில்லை, காபி வேண்டுமென்றால் நீயே போட்டுக்கோ என்றுவிட்டாள். கொஞ்ச நாளில் சட்டையைத் தானே தேய்த்தான். ஒரு வேலை விளம்பரத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தான். சுரக்க ஆரம்பித்துவிட்டது என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட நேரத்தில் உன் பார்சல் வந்து சேர்ந்தது. படுத்தபடி தின்றுகொண்டே புதிதாக இரண்டு தொழில் யோசனை சொன்னான். நீ அனுப்புகிற வரைக்கும் அவன் உன் வயிற்றிலேதான் இருக்கிறான் அக்கா. பாசம் இருந்தால் நிறுத்து.

அத்தானுக்கு என் வணக்கம். உன் ஆசி எங்களுக்கு என்றும் வேண்டும்.

தம்பி

பி.கு.: உறையை ஒட்டும்போது அடுத்த பார்சல் வந்தது. போன பார்சல் தீர்ந்ததும் உன் மகன் நேர்காணலுக்குப் போயிருக்கிறான், சோதனை பலித்துவிட்டது. திருப்பி அனுப்பத்தான் பிரித்தேன். உன் கைப்பக்குவத்தைச் சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று. மனைவி இரண்டாவது டப்பாவில் இருக்கிறாள். வேலை கிடைத்து அவன் கிளம்பிவிட்டால் பார்சல் நின்றுவிடுமே என்கிறாள், அதுவும் நியாயம்தான். சின்னப் பையன், இன்னும் கொஞ்ச காலம் எங்களோடு இருக்கட்டும்.